நாலு துளி

ஐந்தாம் இலக்க அறையைக் காலி செய்த அன்று
ஹென்றிக் ஒரு பெட்டியை என் மேசையில் வைத்தார்.
பன்னிரண்டு சுருட்டு.
"அடுத்த சீசனுக்கு வருவேன்.
அதுவரை காயவும் கூடாது, பூக்கவும் கூடாது."
கணக்குப் புத்தகத்தில் எழுதினேன்:
பிறர் பொருள், ஒன்று.

அவர் ஊரில் இதற்கென்றே மரப்பேழை உண்டாம்,
உள்ளிருக்கும் ஈரத்தை
முள் ஆடி ஆடிச் சொல்லுமாம்.
உப்புவெளியில் எங்களிடம் இருந்தது
இரண்டு லீற்றர் ஐஸ்கிரீம் டப்பா.
மூன்று தரம் கழுவி
வெயிலில் கவிழ்த்து
மூக்கை உள்ளே விட்டுப் பார்த்தேன்.
வனிலா.
நாலாம் தரமும் கழுவினேன்.

குளிர்சாதனப் பெட்டி வேண்டாம் என்றிருந்தார்.
சொல்லாவிட்டாலும் வைத்திருக்கமாட்டேன்.
அங்கே கணவாய்.

செப்ரெம்பர் முடிந்தும் கச்சான் விடவில்லை.
கதவுப் பலகையைச் சுருக்கி
உதட்டை வெடிக்கவைத்து
கொடியில் போட்ட துவாயை
நான் திரும்புமுன் அப்பளமாக்குகிற காற்று.
சுருட்டைக் காதருகே உருட்டினேன்.
சருகு பேசியது.

குசினியிலிருந்து வேலும்மயில்
உருளைக்கிழங்குத் துண்டொன்றோடு வந்தார்.
"இதை உள்ள வையுங்கோ, ஈரம் நிக்கும்."
நின்றது.
மூன்றாம் நாள் கிழங்குக்கு நரைத்த தாடி.
ஒரு சுருட்டின் நுனியிலும்
இரண்டு மயிர் எட்டிப் பார்த்தது.
மகனின் பெயின்ற் தூரிகையால்
குழந்தைக்குப் பவுடர் பூசுவதுபோலத் துடைத்தேன்.
மகனிடம் சொல்லவில்லை.

ஹென்றிக்குக் கேட்டு அனுப்பினேன்.
ஒரே சொல்லில் பதில்: உப்பு.

உப்பா?
இந்தக் கரையில் உப்பின் வேலை உலர்த்துவது.
சந்தையில் வாய் பிளந்து கிடக்கும்
சீலாக் கருவாட்டைக் கேட்டுப் பாருங்கள்.

ஆனாலும் செய்தேன்.
சோடாப் போத்தல் மூடியில் நிலாவெளி உப்பு,
அதன்மேல் நாலு துளி தண்ணீர்.
கரையக் கூடாது.
அலை இப்போதுதான் விட்டுப்போன மணல்,
குதி வைத்தால் பதியும், ஒட்டாது,
அந்தப் பதம்.

பிறகு மார்கழி வந்தது.
கடல் படலையைத் திறக்காமலே வீட்டுக்குள் வந்தது.
நெருப்புக்குச்சி தலை உதிர்த்தது,
றெஜிஸ்ரர் தாள்கள் ஒன்றையொன்று கட்டிக்கொண்டன,
இரண்டு அறையில்தான் ஆள்,
அதிலும் ஒருவர் மழையைத் திட்டியபடி.
டப்பாவுக்குள் மட்டும்
போன மாதத்து வானிலையே.
மிஞ்சியதை உப்பு குடித்தது,
குறைந்ததைத் திருப்பிக் கொடுத்தது.
வரவும் செலவும் எழுதிப் பிழைக்கிற நான்
இவ்வளவு நேர்மையான பேரேட்டைப் பார்த்ததில்லை.

வெள்ளிதோறும் திறப்பேன், காற்று மாறட்டுமென்று.
நான் புகைப்பதில்லை.
ஆனால் அந்த மணம்:
தேன், புதுச் சப்பாத்துப் பெட்டி,
மழைக்கு முந்திய வைக்கோல்,
இன்னும் ஏதோ ஒன்று,
பெயர் வருமுன் மூடிவிடுவேன்.

பங்குனிச் சூட்டில் ஒன்றில் குண்டூசித் துளை.
தட்டினேன், கடுகளவு வண்டு நடந்து வந்தது,
தன் பெயரில் அறை பதிந்திருந்ததுபோல.
பதினொன்று.

மே மாதம் ஹென்றிக் எழுதினார்:
வைத்தியர் சொல்லிவிட்டார், விட்டுவிட்டேன்.
இம்முறை வரவும் வசதிப்படாது.
யாருக்காவது கொடுத்துவிடுங்கள்.
கடைசியில் ஒரு சிரிப்பு முகம்.

ஜெனரேற்றர் பார்க்கக் கிண்ணியாவிலிருந்து
சகாப்தீன் வந்திருந்தார்.
ஒன்றை நீட்டினேன்.
மூன்று குச்சி கிழித்தார்.
"ஈரமாக் கிடக்கு மிஸ், பத்துதில்ல."
என்று, ஓடிக்கொண்டிருந்த
ஜெனரேற்றரின் சூட்டு மூடிமேல் வைத்தார்.

எட்டு மாதம் துளித்துளியாய்க் கொடுத்ததை
இயந்திரம் பத்து நிமிடத்தில் வாங்கிக்கொண்டது.
நான் பில் எழுதுவதாகப் பாவனை செய்தேன்.

புகை எழுந்தது.
சகாப்தீன் இழுத்து, கண்ணைச் சுருக்கி,
தீர்ப்புச் சொன்னார்:
"காரம் காணாது."

மிச்சம் பத்து.
பிறர் பொருள் என்ற வரியில்
முதல் சொல்லை வெட்டினேன்.
வேறு சொல் இன்னும் எழுதவில்லை.

இன்று வெள்ளி.
கொடியில் துவாய் விறைத்துவிட்டது,
கச்சான் தொடங்கியாயிற்று.
இந்தக் கிழமை
ஐந்து துளி.